கொல்லிமலையில் வறுமைக் கணக்கெடுப்பு: வருமானத்தைக் கேட்டால் போதுமா?

கேள்வி: கொல்லிமலையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். 120 வீடுகளில் மாத வருமானம் கேட்டுக் கணக்கெடுத்தோம். பாதிக்கு மேல் ஏழைகள் இல்லை என்று வருகிறது, ஆனால் நேரில் பார்ப்பது அப்படி இல்லை. எங்கே தவறு?

பதில்: முதல் கேள்வியிலேயே. மரவள்ளிக்கு வருடத்தில் ஒரு தடவை பணம், மிளகுக்கு ஒரு தடவை, நடுநடுவே கூலி என்று வாழ்கிறவர்களிடம் மாத வருமானம் கேட்டால் கடைசியாகக் கையில் வந்த தொகையைத்தான் சொல்வார்கள். செலவைக் கேளுங்கள். காய்கறி, எண்ணெய், கறிக்குக் கடந்த 7 நாள். அரிசி, பருப்பு, சோப்பு, பஸ் கட்டணத்துக்கு 30 நாள். துணி, பள்ளி, ஆஸ்பத்திரியில் படுத்த செலவுக்கு 365 நாள். வீட்டில் விளைந்த சாமை, கேழ்வரகு, ரேஷன் அரிசி எல்லாவற்றுக்கும் விலை போட்டுச் சேர்க்க வேண்டும்.

அப்புறம், எந்த வறுமைக்கோட்டோடு ஒப்பிட்டீர்கள்? 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் எண்ணெய்க்கும் உப்புக்கும் நாமக்கல் விலை இருக்காது. மலைக்கடை விலையைக் குறித்து, அதற்கேற்ப வறுமைக்கோட்டை உயர்த்துங்கள். நேபாளத்தின் 2010-11 வாழ்க்கைத்தர ஆய்வில் பகுதிக்குப் பகுதி விலை பார்த்துத்தான் கோடு போட்டார்கள். அப்படிப் போட்டதில் உயர்மலைப் பகுதியில் ஏழைகள் சுமார் 42 சதவீதம், தராய்ச் சமவெளியில் 23 சதவீதம்.

சரி, பணத்தை விட்டுவிட்டு, உடல்நலம், படிப்பு, வீட்டு வசதி ஆகியவற்றில் உள்ள குறைகளை எண்ணும் பல பரிமாண வறுமைக் குறியீட்டைப் பயன்படுத்தலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பயன்படுத்துங்கள், ஆனால் அது மலையில் எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் 2010 முதல் வெளியிடும் அந்தக் குறியீட்டில் மொத்தம் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை; மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்காவது குறைபாடு இருந்தால்தான் ஏழை. விறகு அடுப்பு, கழிப்பறை இல்லை, மண் தரை, தண்ணீருக்குப் போய்வர அரை மணிக்கு மேல் என்று ஒரு வீடு இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், கரண்ட் இருக்கிறது, உடல்நலம், படிப்புக் கேள்விகளில் குறை இல்லை என்று வையுங்கள். அந்த நான்கு குறைகளில் ஒவ்வொன்றுக்கும் 18இல் ஒரு பங்கு, ஆக 4 பங்கு. வேண்டியதோ 18இல் மூன்றில் ஒன்று, அதாவது 6. அந்த வீடு ஏழை இல்லை! இலவச டிவியும் ஒரு செல்போனும் இருந்தால் உடைமைக் கேள்வியிலும் தேறிவிடும். பிரசவ வலி வந்தவளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு எத்தனை மணி நேரம் நடந்தார்கள் என்பதற்கு அந்தப் பத்தில் இடமே கிடையாது, எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

அதனால் பத்துக் கேள்விகளையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு (மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட அது வேண்டும்) தனியாக ஒரு பக்கம் சேருங்கள். பஸ் நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, தண்ணீர் எல்லாம் எவ்வளவு தூரம் என்று கிலோமீட்டரில் கேட்காதீர்கள், நேரத்தில் கேளுங்கள், சுமையோடு ஏறி வரும் நேரத்தை. கேஸ் இணைப்பு இருக்கிறதா என்பதைவிடப் போன வாரம் எதில் சமைத்தீர்கள் என்பது நல்ல கேள்வி. நிலத்தை ஏக்கரில் மட்டும் எழுதினால் பள்ளத்து நெல் வயலும் சரிவில் கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் காடும் ஒன்றாகிவிடும், பட்டா உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, அந்த 120 வீடுகளை எப்படி எடுத்தீர்கள்? பஸ் நிற்கும் ஊர்களாகவே இருந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. பஸ்ஸிலிருந்து அரை மணி நடைக்குள் இருக்கும் குக்கிராமங்கள், அதற்கு அப்பால் இருப்பவை என்று இரண்டு பட்டியல் போட்டு, இரண்டிலிருந்தும் தனித்தனியாகக் குலுக்கி எடுங்கள், மொத்தத்தைச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொரு பட்டியலிலும் உள்ள வீடுகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி எடை கொடுங்கள். பூட்டிய வீட்டைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பிழைப்புக்குக் கீழே இறங்கிப் போனவர்களின் வீடு அது, பெரும்பாலும் இருப்பதிலேயே ஏழை வீடு. எப்போது திரும்புவார்கள் என்று கேட்டுக் குறித்துவைத்து மறுபடி போங்கள். அறுவடை முடிந்த தை மாதத்தில் ஒரு தடவை எடுத்திருந்தால், குதிர் காலியாகிக் கிடக்கும் ஆடியிலும் அதே வீடுகளுக்கு ஒரு தடவை.