தலைக்கு மேல் போன கம்பி

வணக்கம் அக்கா,

பெங்களூரில் ஒரு சோலார் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறேன். சொந்த ஊர் கோலார் தங்கவயல். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா தினமும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வந்து வேலை பார்த்துதான் எங்களைப் படிக்க வைத்தார். இப்போது தங்கை, என்விரான்மென்டல் ஹியூமானிட்டீஸில் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறாள். எரிசக்தி, பண்பாடு, பருவநிலை மாற்றம் எல்லாவற்றையும் வரலாறு, இலக்கியம் வழியாகப் பார்க்கிற படிப்பாம். எனக்குக் கோபமில்லை, குழப்பம்தான். பருவநிலை மாற்றம் என்பது கார்பன் கணக்கு. நிலக்கரியை நிறுத்தி சூரிய மின்சாரத்துக்கு மாறினால் தீரப்போகிறது. அதில் கதைக்கும் கவிதைக்கும் என்ன வேலை? ஐந்திணை பேசினால் வெப்பம் குறையுமா? வீட்டில் என் பேச்சைத்தான் கேட்பார்கள், அதனால் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் படிப்பின் பெயர். சூழல் மானுடவியல் என்று சொன்னால் ஆந்த்ரோபாலஜி என்று ஆகிவிடுகிறது. சூழலியல் மானுடப்புலம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் தங்கைக்கு இதைவிட நல்ல சொல் கிடைத்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.

கார்பன் கணக்கு பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. இந்தியாவின் மின்சாரத்தில் முக்கால் பங்குக்குக் கிட்ட இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. அதை நிறுத்தியாக வேண்டும். உங்கள் வேலை இந்தக் காலத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று என்று மனதாரச் சொல்கிறேன். ஆனால் ‘மாறினால் தீரும்’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. ஏனென்றால் இந்த நாட்டில் எரிசக்தி மாறிய மிகப் பழைய கதைகளில் ஒன்று உங்கள் ஊர்க் கதை.

1902 வரை தங்கவயல் சுரங்கங்கள் நீராவியில் ஓடின. அதற்கு விறகும் நிலக்கரியும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. அந்த வருடம் ஜூன் கடைசியில் காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி. அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டுபோவது அன்றைக்கு உலகத்திலேயே பெரிய சாதனைகளில் ஒன்று. திட்டத்துக்குத் துணைநின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் கம்பியில் மின்சாரம் ஓடியதைப் பார்க்கவில்லை, முந்தின வருடமே இறந்துவிட்டார். மூன்று வருடம் கழித்து, 1905-ல், பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தன. எங்கள் ஊரில் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

நிலக்கரிப் புகை இல்லாத, அருவியிலிருந்து வந்த மின்சாரம். இன்றைய பேச்சில் சொன்னால் பசுமை ஆற்றல். சரி, அது யாருக்குப் போனது? பிரிட்டிஷ் கம்பெனிகளின் சுரங்கங்களுக்கு. நடுவில் இருந்த அத்தனை கிராமங்களுக்கும் கம்பி தலைக்கு மேல் போனதோடு சரி. அங்கே ராத்திரி அதே எண்ணெய் விளக்குதான். அந்த மின்சாரத்தால் சுரங்கம் இன்னும் கீழே போக முடிந்தது. கூண்டை ஏற்றி இறக்கவும், தண்ணீரை இறைக்கவும், பாறையை அரைக்கவும் மின்சாரம். சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் நின்றவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன ஜனங்கள், பெரும்பாலும் தலித் மக்கள். மூங்கில் தட்டி வீடுகளில் குடியிருந்து, பாறைத் தூசியை மூச்சில் வாங்கி, நெஞ்சு கெட்டுப்போனவர்கள். உங்கள் தாத்தாவின் தலைமுறையும் அதற்கு முந்திய தலைமுறைகளும் அவர்கள்தான். கார்பன் கணக்கில் இந்த மாற்றம் நல்ல மதிப்பெண் வாங்கும். அந்தக் கணக்குப் புத்தகத்தில் இந்த மனிதர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அந்த வரியை எழுதுகிற படிப்புதான் உங்கள் தங்கை கேட்பது.

இன்னொன்றும் இருக்கிறது. இது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. காவிரி என்றால் நாம் குறுவை, சம்பா, ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பு என்றுதான் யோசிப்போம். ஆனால் கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் சுரங்கத்துக்கு மின்சாரம் குறைந்தது. வருடம் முழுக்கச் சீராக மின்சாரம் வேண்டும் என்பது கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்ட ஒரு முக்கியமான காரணம். 1911-ல் வேலை தொடங்கியது. சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. இழுத்துப் பறித்து 1924-ல் ஒப்பந்தம் ஆனது. பெங்களூரில் வாழ்கிற தமிழர்களுக்குக் காவிரி என்ற சொல் அடிவயிற்றில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கடையின் தமிழ்ப் பலகையை அவசரமாக இறக்கி வைத்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையின் அடியில், பாசனத்தோடு சேர்ந்து, ஒரு தங்கச் சுரங்கத்தின் மின்தேவையும் கிடக்கிறது. இதை எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது அதே இடத்தைப் பாருங்கள். சிவனசமுத்திரத்துக்குப் பக்கத்தில்தான் பெங்களூருக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் மேலே தள்ளுகிறார்கள். 1974-லிருந்து இது நடக்கிறது. குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கு மின்கட்டணம். அன்றைக்குத் தண்ணீர் கீழே விழுந்து மின்சாரத்தை மேட்டுக்கு அனுப்பியது. இன்றைக்கு மின்சாரம் அந்தத் தண்ணீரையே மேட்டுக்குத் தூக்குகிறது. நீங்களும் நானும் குழாயைத் திறந்து ஒரு குடம் பிடிக்கும்போது அதில் பாதி கரண்ட்டு என்றே எனக்குத் தோன்றும்.

பண்பாடு என்று சொன்னதும் நீங்கள் ஐந்திணைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு ஐந்திணை பிடிக்கும், ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில் உடன்பாடில்லை. பண்பாடு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் சாயங்காலம் ட்யூப்லைட்டைப் போட்டதும் அம்மா விளக்கைப் பார்த்து ஒரு நொடி கைகூப்புவாள். ட்யூப் இரண்டு தடவை துடித்துவிட்டுத்தான் எரியும். அது நின்று எரிகிறவரை கையை எடுக்க மாட்டாள். எண்ணெய் விளக்குக்குச் செய்த மரியாதை அப்படியே சுவிட்சுக்கு வந்துவிட்டது. ‘விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்காதே’ என்று அவள் சொன்னால் ஆறரை மணி என்று அர்த்தம். மண்ணெண்ணெயை ஆயா கடைசிவரை கிருஷ்ணாயில் என்றுதான் சொன்னாள். ஊரில் சீமெண்ணெய் என்பார்கள். விறகுக்கு ஆகுமென்று வறண்ட சீமைகளில் பரவிய மரத்துக்கு சீமைக்கருவேலம் என்று பெயர். இரண்டும் அடுப்புக்கும் விளக்குக்கும் வந்தவை, இரண்டின் பெயரிலும் கப்பல் ஏறி வந்த தடம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே அடுப்பு எரியும் குடும்பங்கள் உண்டு. மரத்தை வேரோடு அழிக்க வேண்டும் என்று வழக்கு நீதிமன்றம்வரை போனபோது, அந்தக் குடும்பங்கள் என்ன சாப்பிடும் என்ற பேச்சு மிகக் குறைவாகவே காதில் விழுந்தது.

உங்கள் தொழிலுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் கர்நாடகத்தின் பாவகடா சோலார் பூங்காவைப் பார்க்கப் போயிருந்தேன். 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். நிலத்தை விலைக்கு வாங்காமல் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது உண்மையிலேயே நல்ல யோசனை. ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாயில் தொடங்கினார்கள், மழையை நம்பிக் கடலை போட்ட வறட்சிப் பூமியில் அது பெரிய நிம்மதி. திருமணி பக்கம் ரோட்டோரத்தில் வயதான ஓர் அம்மா இரண்டு ஆடுகளோடு உட்கார்ந்திருந்தார். தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசினார். சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் கடலை பிடுங்கியும், அறுத்த காட்டில் ஆடு மேய்த்தும் பிழைத்தவர். குத்தகைப் பணம் நிலம் இருந்தவருக்குத்தானே? வேலிக்கு அந்தப் பக்கம் பேனல்களுக்கு நடுவே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஆடுகள் கம்பியில் மூக்கை நுழைத்து எட்டினமட்டும் கடித்துக்கொண்டிருந்தன. என்னைக் கம்பெனி ஆள் என்று நினைத்துவிட்டார் போல. உள்ளே புல் அறுக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்டார்.

தம்பி, 1902-ல் தலைக்கு மேல் போன கம்பிதான் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த வேலியில் ஒரு வாசல் வைக்கலாம், ஆடு உள்ளே போனால் புல்லும் குறையும், அவருக்கும் பிழைப்பு என்று வரைபடம் போடும்போதே ஒருவர் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். அப்படிக் கேட்பவர் இன்ஜினியராகவும் இருக்கலாம். ஆனால் மேய்ச்சல் என்றால் என்ன, புறம்போக்கு யாருடையது, அறுவடை முடிந்த காட்டில் யாருக்கு என்ன உரிமை இருந்தது என்பதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வாயில் வரும்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான்கு பக்கமும் கண்ணாடி. வெயில் சுடுகிறது என்று பகலெல்லாம் திரையை இறக்கிவிடுவோம், இருட்டாகிறது என்று விளக்கைப் போடுவோம், சூடாகிறது என்று ஏசியைக் கூட்டுவோம். இது மின்விசிறியே தேவைப்படாத ஊர் என்று பெயர் வாங்கிய பெங்களூரில். கண்டோன்மென்ட்டில் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் உயரக் கூரையையும், ஜன்னலுக்கு மேல் மரச்சட்டத்தில் முக்காடு போட்ட மாதிரி இருக்கும் மங்கி டாப்பையும் கட்டியவர்களுக்கு இந்த ஊர்க் காற்று தெரிந்திருந்தது. 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி அடித்தது. கண்ணாடிதான் வளர்ச்சி, கண்ணாடிதான் மரியாதை என்று நம் மனதில் எப்படி ஏறியது? அந்தக் கட்டடத்துக்குச் சூரிய மின்சாரம் கொடுத்தால் புகை குறையும், நல்லதுதான். அவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்பதை விளம்பரத்திலும் சினிமாவிலும் வீட்டுப் பேச்சிலும்தான் தேட வேண்டும்.

தங்கையைப் படிக்க விடுங்கள். வேலை கிடைக்குமா என்ற பயமும் உங்களுக்கு இருந்தால் அது நியாயமானது, கடன் வாங்கிப் படிக்க வைக்கிற வீட்டில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. எந்தக் கல்லூரி, என்ன ஃபீஸ், முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். ஆனால் ‘பயனில்லாத படிப்பு’ என்ற காரணத்தைச் சொல்லித் தடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பாட்டி இருக்கிறார்களா? இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் மாரிக்குப்பம் ரயிலில் போய், ஃபோனில் ரெக்கார்டை ஆன் செய்துவிட்டு அவர்களைப் பேசச் சொல்லுங்கள். லைன் வீட்டுக்குக் கரண்ட்டு எந்த வருடம் வந்தது, அதற்கு முன் அடுப்பில் என்ன எரித்தார்கள், விறகுக்கு யார் போனார்கள், தாத்தா சுரங்கத்திலிருந்து ஏறி வந்ததும் முதலில் என்ன கேட்பார். தங்கை கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா