30 நாளைத் தாண்டிய பயணமும் நின்றுபோன உதவித்தொகையும்

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. ஆட்டிசமும் வலிப்பு நோயும் உண்டு. வசதி குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அமெரிக்க அரசு மாதாமாதம் தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையும், அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டும் பெற்றுவந்தான். என் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். மகனை விட்டுவிட்டுப் போக வழியில்லாததால் ஜூன் 10 அன்று அவனுடன் திருச்சிக்குப் புறப்பட்டேன். ஜூலை 24 அன்று நியூ ஜெர்சிக்குத் திரும்பினோம். இப்போது உதவித்தொகை நிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. ஜூலைப் பணத்தையும் திருப்பிக் கேட்கிறார்கள். மெடிக்கெய்டும் முடியப்போகிறது என்று இன்னொரு கடிதம். முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமா? தூக்கமே வரவில்லை.

பதில்:

அன்புச் சகோதரி, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதில்லை. உங்கள் மகனின் உதவித்தொகை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தொடர்ந்து 12 மாதங்கள் அப்படியே கிடந்தால்தான் கணக்கை முடித்துவிடுவார்கள். பிறகு புது விண்ணப்பம், புது மருத்துவச் சான்று என்று எல்லாவற்றையும் தொடங்க வேண்டியிருக்கும். நீங்கள் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள்.

ஆனால் உதவித்தொகையைவிட மெடிக்கெய்டுதான் அவசரம். வலிப்புக்கான மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாதே! நியூ ஜெர்சியில் எஸ்.எஸ்.ஐ. பெறுபவருக்கு மெடிக்கெய்டு தானாகவே கிடைக்கிறது. அதனால் ஒன்று நின்றால் மற்றதும் நின்றே தீரும் என்று பலர் நினைத்து, இரண்டாவது கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். ஆனால் எஸ்.எஸ்.ஐ. நின்றாலும், மெடிக்கெய்டின் வேறு எந்தப் பிரிவிலாவது அவருக்குத் தகுதி உண்டா என்று மாநிலம் பார்த்த பிறகே மெடிக்கெய்டை முடிக்கலாம். திரும்பி வரும் எண்ணத்தோடு தற்காலிகமாக வெளியே போனவரை, மாநிலத்தில் வசிக்கவில்லை என்று சொல்லி நீக்கவும் கூடாது. எனவே அந்தக் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து நிறுத்தம் என்று போட்டிருக்கிறதோ, அதற்கு முன்பே மேல்முறையீட்டு விசாரணை கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். விசாரணை முடியும்வரை மெடிக்கெய்டு தொடர வேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

இனி எஸ்.எஸ்.ஐ. பற்றிப் பார்ப்போம். 30 நாள் தொடர்ந்து அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர், திரும்பி வந்து 30 நாள் தொடர்ந்து இங்கே தங்கும்வரை வெளியிலேயே இருப்பதாகத்தான் சட்டம் கருதுகிறது. முழு 24 மணி நேரம்தான் ஒரு நாள் என்பதால், வந்து இறங்கிய நாள் கணக்கில் சேராது. எனவே உங்கள் கணக்கு ஜூலை 25 அன்று தொடங்கி ஆகஸ்ட் 23 அன்று முடிகிறது. ஆகஸ்ட் 24 முதல் உதவித்தொகை மீண்டும் சேர வேண்டும். ஜூன் மாதத்தில் சில நாட்கள் இங்கே இருந்ததால் அந்த மாதப் பணத்துக்குப் பழுதில்லை. ஜூலை 24 அன்றே திரும்பிவிட்டாலும், அந்த 30 நாள் முடியாததால் ஜூலைக்குத் தகுதி கிடையாது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, சான்றுகளோடு எஸ்.எஸ்.ஐ. வழங்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டில் திரும்பி வரும்போது பெரும்பாலும் முத்திரை குத்துவதில்லை. ஆகவே போர்டிங் பாஸ், விமான டிக்கெட் இரண்டையும் தேடி எடுங்கள். வந்த பிறகு மருத்துவரைப் பார்த்த தேதி, பயிற்சி மையத்தின் வருகைப் பதிவு போன்றவை அவர் இங்கேயே இருந்தார் என்பதற்குச் சான்று.

ஜூலைப் பணத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: தேதிகள் சரியென்றால் அந்தக் கோரிக்கையும் சரிதான். தொகையில் தவறு தெரிந்தால் மட்டும் 60 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். பணம் செலவாகிவிட்டதென்றால், தவறு உங்கள் மேல் இல்லை, திருப்பித் தரவும் வசதியில்லை என்று விளக்கித் தள்ளுபடி கோரலாம். பயணத்தை முன்கூட்டியே தெரிவித்தீர்களா என்பதை அங்கே கட்டாயம் பார்ப்பார்கள். தள்ளுபடி கிடைக்காவிட்டால் மாதாமாதம் சிறிதளவு பிடித்துக்கொள்ளும்படி கேட்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரில் உறவினர்கள் பிள்ளையின் கையில் பணம் கொடுத்திருப்பார்கள். அதை அவர் பெயரில் வங்கியில் போட்டிருந்தால் உடனே பாருங்கள். மாதத்தின் முதல் தேதியில் அவருடைய சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டினால் அந்த மாதத் தகுதி போய்விடும். 1989 முதல் மாறாமல் இருக்கும் வரம்பு இது. இன்றைய விலைவாசிக்கு நியாயமே இல்லாதது. மாற்றுத்திறனாளிகள் சேமிப்பதற்கென்றே இருக்கும் ஏபிள் (ABLE) கணக்கில் 1,00,000 டாலர் வரை வைத்திருந்தாலும் எஸ்.எஸ்.ஐ. அதைக் கணக்கில் எடுப்பதில்லை. சிறு வயதிலிருந்தே ஆட்டிசம் உள்ள உங்கள் மகனுக்கு அதைத் திறக்கத் தகுதி உண்டு.

அம்மாவைப் பார்க்கப் போனதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். மறுபடி போகவேண்டி வந்தால், புறப்படும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் இடையே 30 நாள் ஆகாதபடி டிக்கெட் எடுங்கள். விமானம் தாமதமானாலும் பாதிக்காதபடி 3, 4 நாட்கள் குறைத்தே திட்டமிடுங்கள். தேதிகளைப் புறப்படும் முன்பே அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒரு பிரதியை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.