செம்மண்ணா, கரிசலா? – வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், அனிமேஷன் படங்களுக்காக வரையப்பட்ட ஓவியங்களைத் தொகுத்து வரும் பெரிய சைஸ் புத்தகங்களைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள் என்று. அந்த இரண்டு வரி இத்தனை கடிதம் கொண்டுவரும் என்று நினைக்கவில்லை. பிரஷ் எந்த நம்பர், பேப்பர் எந்த கனம் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் முழுக்க இதுதான்.

கே: அக்கா, என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க ஜப்பான் கார்ட்டூன் முகங்கள். நீங்கள் சொன்ன மாதிரிப் புத்தகம் ஒன்றை ஆன்லைனில் தேடினேன். விலையைப் பார்த்ததும் போனை மூடிவிட்டேன். வாங்கத்தான் வேண்டுமா? அதில் வரையச் சொல்லித் தருவார்களா? – ஓர் அம்மா, திண்டுக்கல்

வாங்க வேண்டாம். இரண்டாவது கேள்விக்கும் பதில் 'இல்லை'தான். 'முதலில் ஒரு வட்டம் போடு, அதற்குள் குறுக்கே ஒரு கோடு இழு' என்று ஆரம்பிக்கும் புத்தகங்கள் வேறு. உங்கள் பையன் அவற்றைத் தாண்டியிருப்பான். நான் சொன்னவை, ஒரு படம் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாத நாட்களில் ஸ்டூடியோவுக்குள் வரைந்து தள்ளியவை. அவற்றில் பல திரைக்கு வரவே இல்லை. எனக்கு அவைதான் ருசி.

பையனுக்கு ஜப்பான் பிடிக்கும் என்பதால் அங்கிருந்தே ஓர் உதாரணம். 1988-ல் வந்த 'மை நெய்பர் டொட்டோரோ'. படத்தில் அக்கா சாட்சுகி, தங்கை மே என்று இரண்டு பேர். ஆனால் படத்தின் இயக்குநர் மியாசாகி முதலில் போட்டுப் பார்த்த வாட்டர்கலர் படங்களில் இருப்பது ஒரே ஒரு சிறுமி. ஒரு பிள்ளையைத்தான் பிறகு இரண்டாக்கினார். பெயர்களிலேயே அந்தத் தடம் இருக்கிறது: சாட்சுகி என்பது பழைய ஜப்பானியத்தில் ஐந்தாம் மாதம், மே என்பதும் அதே மாதம்தான். படத்தின் போஸ்டரில் பஸ் ஸ்டாப்பில் டொட்டோரோ என்ற அந்தப் பெரிய காட்டு உயிருக்குப் பக்கத்தில் குடையோடு நிற்கிறாளே, அவள் அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. அந்தப் பழைய ஒற்றைச் சிறுமி. நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தும் இது கண்ணில் படவில்லை. புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் பட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தின் கலை இயக்குநர் காஸுவோ ஓகா. பின்னணிக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றவர். வடக்கே அகிதாவைச் சேர்ந்தவர். அந்த ஊர் மண் கறுப்பு. அதனால் அவருக்குக் கறுப்பு மண் வரைய ஆசை. மியாசாகிக்கோ டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ பகுதியின் செம்மண்தான் வேண்டும். இதற்காக இரண்டு பேரும் வாதாடியிருக்கிறார்கள். ஒரு கோவில்பட்டிக்காரரும் ஒரு புதுக்கோட்டைக்காரரும் உட்கார்ந்து 'மண்' என்றால் என்ன நிறம் என்று பேச ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். இது தெரிந்த பிறகு அந்தப் படத்தின் வண்டிப்பாதையைப் பாருங்கள். நடுவில் புல், இரண்டு பக்கமும் தடம், தடத்தில் தெரிகிற மண். குழந்தைகள் ஓடுவதைத்தான் நாம் பார்த்தோம். அவர்கள் காலடியில் இருந்த நிறத்துக்கு ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

ஓகா வரைவது போஸ்டர் கலரில். பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிற அதே வகைக் குப்பி வண்ணம். ஆகவே பையனை முகம் வரையாதே என்று சொல்லாதீர்கள். 'இந்த முகம் எந்த ஊர் மண்ணில் நிற்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை காலை ஏழு மணிக்கு ஒரு நிறம், சாயங்காலம் ஐந்தரைக்கு வேறு நிறம். இரண்டையும் நாலு குப்பி வண்ணத்தில் கலக்கிப் பார்க்கட்டும். கணக்கு நோட்டில் வேண்டாம்.

கே: எங்கள் ஊர் நூலகத்தில் கேட்டேன். 'கார்ட்டூன் புக்கா? குழந்தைகள் பகுதியில் பாருங்க' என்றார்கள். அங்கே இருந்தது எல்லாம் நீதிக்கதைகள். – கல்லூரி மாணவர், ஈரோடு

தம்பி, இந்தப் புத்தகங்களுக்கு இரண்டு வீடு. பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு எண் போடும் டூயி முறையில் அடுக்கும் நூலகம் என்றால் ஓவியம் இருக்கும் 741 வரிசையில் 741.58-ஐப் பாருங்கள், அனிமேஷனுக்கு உரிய எண் அது. அங்கே இல்லாவிட்டால் சினிமா இருக்கும் 791.43-க்குப் போங்கள். புத்தகம் வந்த அன்று எண் போட்டவர் இதை ஓவியம் என்று நினைத்தாரா, சினிமா என்று நினைத்தாரா என்பதைப் பொறுத்தது. அப்புறம், அலமாரியின் கடைசித் தட்டையும் குனிந்து பாருங்கள். இவை அகலமானவை, நிற்க வைக்க இடம் போதாமல் படுக்க வைத்திருப்பார்கள். நான் கண்டெடுத்த முதல் புத்தகம் ஓர் அட்லஸுக்கு அடியில் கிடந்தது.

எங்கும் இல்லை என்றால், வாசகர் பரிந்துரை நோட்டு இருக்கிறதா என்று கேட்டுப் புத்தகத்தின் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். நாலு நண்பர்களையும் எழுதச் சொல்லுங்கள், வேறு வேறு கையெழுத்தில். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்' என்று 1931-லேயே விதி எழுதி வைத்த எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர்தான். நூலகர்களுக்கு அவர் பெயர் தெரியும். கேட்கும்போது மெதுவாக எடுத்து விடுங்கள்.

கே: கிடைத்துவிட்டது! இரண்டு மணி நேரம் புரட்டினேன். பிரமாதம். அப்புறம் என்ன செய்வது? – வாசகி, நாகர்கோவில்

இரண்டு மணி நேரத்தில் முழுப் புத்தகமா? அது கல்யாண ஆல்பம் பார்க்கிற வேகம்.

அடுத்த தடவை ஒரு பக்கம் போதும். 'கலர் ஸ்கிரிப்ட்' என்று ஒரு பக்கம் வரும், அமெரிக்க அனிமேஷன் ஸ்டூடியோவான பிக்ஸாரின் படப் புத்தகங்களில் நிச்சயம் இருக்கும். முழுப் படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக, முகம் மூக்கு எதுவும் இல்லாமல், வண்ணத்திலேயே சொல்லியிருப்பார்கள். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வுக்கு ரால்ஃப் எகல்ஸ்டன் செய்தவை இந்த வகைக்கு நல்ல உதாரணம். அந்தக் கட்டங்களை இடமிருந்து வலமாகப் படியுங்கள், வாக்கியம் படிப்பதுபோல. எந்த இடத்தில் நிறம் சட்டென்று செத்துப்போகிறது, எங்கே திரும்ப உயிர் வருகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். 2009-ல் வந்த 'அப்' படப் புத்தகம் கிடைத்தால் உருவங்களையும் கவனியுங்கள். தாத்தா கார்ல் முழுக்கச் சதுரம்: தலை, கண்ணாடி, உட்காரும் நாற்காலி. மனைவி எல்லி வட்டம். அவள் போன பிறகும் அந்த வட்டங்கள் வீட்டுக்குள் அங்கங்கே இருக்கும்.

பிறகு ஒரு தீப்பெட்டி அளவு கட்டம் போட்டு, பிடித்த ஒரு ஓவியத்தை பென்சிலில் மூன்றே சாயலில் போடுங்கள்: வெள்ளை, சாம்பல், கறுப்பு. ஒரு கட்டத்துக்குப் பத்து நிமிஷம். நான் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். நூலகத்துக்குள் வண்ணம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதுதான் காரணம், வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

கே: பக்கங்களை செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாமா? – வாசகர், திருவண்ணாமலை

நூலகரைக் கேட்டுவிட்டு. பளபளப்பான தாள் என்பதால் பாதிப் பக்கத்தில் டியூப்லைட்தான் விழும்.

பிளேடை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை. நான் வழக்கமாகப் போகும் நூலகம் ஒன்றில், ரொம்ப நாள் தேடி ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. 112-ஆம் பக்கத்துக்கு அடுத்து 117. நடுவில் இரண்டு தாள் ஸ்கேல் வைத்து அறுத்த மாதிரி சுத்தமாகப் போயிருந்தது. அறுத்தவர் நல்ல ரசிகர், நல்ல கை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கே: உங்களுக்கு மிகப் பிடித்த ஒரு பக்கம்? – ஓவிய ஆசிரியர், தஞ்சாவூர்

1942-ல் வந்த டிஸ்னியின் மான்குட்டிப் படம் 'பாம்பி'க்காக டைரஸ் வாங் வரைந்த காடு. பக்கம் முழுக்கப் பனி மூட்டம். இரண்டு மூன்று மரத்தண்டுகள், அவையும் மேலே போகப் போகக் கரைந்துவிடும். நடுவில் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு மான். இலை என்று தனியாக ஒன்றுகூட இல்லை. ஆனால் காடு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, நேரம் விடியற்காலை என்று தெரிகிறது.

அதற்கு முன்பு டிஸ்னி ஸ்டூடியோவில் ஒவ்வொரு இலையையும் வரைந்து பார்த்தார்கள். மான் அந்த இலைகளுக்குள் தொலைந்துபோனது. வாங் அப்போது அங்கே இன்-பிட்வீனர். ஒரு அசைவின் முக்கிய நிலைகளை அனிமேட்டர் வரைந்து கொடுத்தால், இடைப்பட்ட நிலைகளை வரைந்து நிரப்பும் வேலை. 1938-ல் சேர்ந்திருந்தார். நானும் ஆறு மாதம் அந்த வேலை பார்த்தேன். மாவாட்டுவது போல, கை ஓடிக்கொண்டே இருக்கும், மனசு தூங்கிவிடும். அவர் தூங்கவில்லை. காட்டையும் மானையும் தானாக வரைந்து கொண்டுபோய்க் காட்டினார். பழைய சீன நிலக்காட்சி ஓவியங்களின் வழி அது: சொல்லாமல் விட்டதை வைத்துச் சொல்வது. முழுப் படத்தின் தோற்றமும் அதன் பக்கம் திரும்பியது.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1910-ல் குவாங்டாங்கில் பிறந்தவர். சீனர்கள் உள்ளே வரத் தடை இருந்த காலத்தில், அப்பாவோடு வேறு பெயரில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த சிறுவன். அம்மாவைத் திரும்பப் பார்க்கவே இல்லை. அப்பா தூரிகை எழுத்துப் பயிற்சி கொடுத்தார்; மை வாங்கக் காசில்லை. பழைய செய்தித்தாளில் தண்ணீரைத் தொட்டு எழுதச் சொன்னார். நான் ஒரு தடவை செய்து பார்த்தேன். நம் ஊர் வெயிலில் நாலாவது கோடு போடுவதற்குள் முதல் கோடு காய்ந்துவிடுகிறது. பிழை திருத்த முடியாது, வைத்துக்கொண்டு ரசிக்கவும் முடியாது.

1941-ல் அந்த ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம். வாங் அதில் சேரவில்லை. ஆனாலும் அதற்குப் பின் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். படம் வந்தபோது பின்னணி ஓவியர்கள் பட்டியலில் பத்தோடு ஒன்றாக அவர் பெயர். அதே நிறுவனம் 2001-ல் கூப்பிட்டு 'டிஸ்னி லெஜண்ட்' என்ற கௌரவம் கொடுத்தது. நான் பதினோரு வருஷம் வடபழனிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு டிவி தொடர்களுக்கு பேக்ரவுண்டு வரைந்தேன். என் பெயர் திரையில் வந்தது ஒரே ஒரு தடவை, அதிலும் எழுத்துப் பிழை. ஆகவே இந்தப் புத்தகங்களில் படத்துக்குக் கீழே பொடியாக இருக்கும் பெயரை நான் முதலில் படிப்பேன். டிஸ்னி ஓவியர்கள் மேரி பிளேர், ஐவிண்ட் ஏர்ல் எல்லாம் எனக்கு அப்படிப் பழக்கமானவர்கள்தான்.

கே: நம் நாட்டில் இப்படி எதுவும் இல்லையா? – வாசகர், மதுரை

மானிலிருந்தே ஒரு தொடர்ச்சி இருக்கிறது. கிளேர் வீக்ஸ் என்று ஓர் அனிமேட்டர். இங்கே மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர், 'பாம்பி'யில் வேலை செய்தவர். 1956-ல் பம்பாயில் மத்திய அரசின் படப் பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது நம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். அந்தப் பிரிவு 1957-ல் எடுத்தது புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் ஒன்று, ஆலமர மான். மறுபடியும் மான்! அவரிடம் கற்றவர்களில் ஒருவர் ராம் மோகன். ஜப்பானியர்களோடு சேர்ந்து அவர் இயக்கிய ராமாயண அனிமேஷன் படத்தை 2025 ஜனவரியில் தமிழிலும் திரையிட்டார்கள். என் தெருப் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தேன். அந்தப் பழைய கார்ட்டூன் பிரிவின் ஸ்டோரிபோர்டுகளை, அதாவது காட்சி காட்சியாகக் கதையை வரைந்த கட்டங்களை, ஒரு தடித்த புத்தகமாக மடியில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

கே: என் பெண் பேக்ரவுண்டு ஆர்ட்டிஸ்ட் ஆக வேண்டும் என்கிறாள். சோறு கிடைக்குமா? – ஓர் அப்பா, சேலம்

கிடைக்கும். சில மாதம் சம்பளம் தேதி தவறி வரும். சாயங்காலம் நேரத்துக்கு வீட்டுக்கு வருவாள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கே: எனக்கு 71 வயது. பேரனுக்காக என்று சொல்லி இரவல் எடுத்து நான்தான் பார்க்கிறேன். இந்த வயதில் கார்ட்டூன் புத்தகமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். – ஓய்வு பெற்ற தபால் ஊழியர், காரைக்குடி

மேலே சொன்ன வாங் 106 வயது வரை இருந்தார். வயதான காலத்தில் தானே பட்டம் செய்து கடற்கரையில் பறக்க விட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் புத்தகம்தானே பார்க்கிறீர்கள். போகும்போது படிக்கிற கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். பெயர்களை எறும்பு சைஸில்தான் அச்சடித்திருப்பார்கள்.