மரபணு மாற்றப் பயிர்களுக்குக் கடுமையான விதிகள்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

மரபணு மாற்றப் பயிர்களை அரசுகள் இன்னும் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும் என்று கோரும் குழுக்களுக்குப் பல ஆண்டுகளாக ஆட்சேப மனுக்களும் கருத்துரைகளும் எழுதிக் கொடுத்து வருகிறேன். நான் தாவரவியல் படித்தவள். சட்டத்தைப் பிற்பாடு தேவை கருதிக் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளில் ஒரே பொருளைச் சுற்றியவற்றை ஒன்றாக்கி, அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இயக்கத்துக்குப் புதியவர்: அம்மா, நாங்கள் முழுத் தடையைக் கேட்க வேண்டுமா, கடுமையான கட்டுப்பாட்டைக் கேட்க வேண்டுமா? எங்கள் குழுவுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இரண்டும் நேர்மையான நிலைப்பாடுகள்தாம். ஆனால் இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதாதீர்கள். தடை கேட்கும் மனுவை, "இது கொள்கை முடிவு, எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று அதிகாரி ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியும். "இந்தப் பயிரின் மகரந்தம் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதை எத்தனை இடங்களில், எத்தனை பருவங்களில் அளந்தீர்கள்?" என்று கேட்கும் மனுவுக்கு அவர் விடை தேடியாக வேண்டும், விடை கிடைக்காவிட்டால் அது கிடைக்கவில்லை என்பதே கோப்பில் பதிவாகிவிடும்.

நான் கட்டுப்பாட்டின் பக்கம் நிற்பவள். சோதனைத் தரவுகள் முழுமையாக வெளிவர வேண்டும், விண்ணப்பித்த நிறுவனத்தைச் சாராதவர்கள் அவற்றைச் சரிபார்க்க வேண்டும், அனுமதிக்குப் பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும், தீங்கு நேர்ந்தால் யார் ஈடு செய்வது என்பது முன்கூட்டியே சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் பயிரை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை.

உயிரியல் மாணவி: இந்த உணவுகள் பாதுகாப்பானவை என்று பெரிய அறிவியல் அமைப்புகளே சொல்லிவிட்ட பிறகு, கூடுதல் கட்டுப்பாடு கேட்பது அறிவியலுக்கு எதிரானது ஆகாதா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கும் எந்த இயக்கமும் நம்பகத்தன்மையை இழக்கும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, சந்தையிலுள்ள மரபணு மாற்றப் பயிர்களிலிருந்து வரும் உணவு மற்ற உணவைவிட உடல்நலத்துக்குக் கூடுதல் ஆபத்தானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று கூறியது. அதை மறுத்துப் பேச வேண்டாம். ஆனால் அது அதுவரை வந்த பயிர்களைப் பற்றிய முடிவு. இனி வரப்போகும் ஒவ்வொரு பயிருக்கும் முன்கூட்டியே வழங்கப்பட்ட நற்சான்றிதழ் ஆகாது. புதிய பண்பும் தீங்குக்கான வாய்ப்பும் கொண்ட ரகங்கள் எந்த முறையில் உருவாக்கப்பட்டாலும் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அதே அறிக்கை பரிந்துரைத்திருப்பதைப் பலர் வாசிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஸ்டார்லிங்க் மக்காச்சோளத்தை. அதில் சேர்க்கப்பட்ட புரதம் எளிதில் செரிமானமாகாத தன்மை கொண்டிருந்ததால், அது ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் தீரவில்லை. ஆகவே அமெரிக்க அரசு 1998இல் அதைக் கால்நடைத் தீவனத்துக்கும் தொழில்துறைப் பயன்பாட்டுக்கும் மட்டும் அனுமதித்தது. அந்நாட்டு மக்காச்சோளப் பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே அது பயிரிடப்பட்டது. அப்படியிருந்தும் 2000ஆம் ஆண்டில் மனிதர் உண்ணும் பொருள்களில் அது கண்டுபிடிக்கப்பட்டு, 300க்கும் மேற்பட்ட பொருள்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. ஒவ்வாமை ஏற்பட்டதாகப் புகார் செய்தவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்த அரசு ஆய்வாளர்கள், அந்தப் புரதமே காரணம் என்பதற்குச் சான்று காணவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும். இங்கே தோற்றது ஒழுங்குமுறை: "தீவனத்துக்கு மட்டும்" என்ற நிபந்தனையை விதித்தவர்கள், வயலிலும் கிடங்கிலும் ஆலையிலும் அது காக்கப்படுவதற்கு வழி செய்யவில்லை.

இன்னொன்று. மரபணு மாற்ற மக்காச்சோளம் தின்ற எலிகளுக்குக் கட்டிகள் வந்ததாகக் கூறி 2012இல் பிரான்சில் வெளியான ஓர் ஆய்வின் படங்களை இன்றும் சிலர் துண்டறிக்கைகளில் அச்சிடுகிறார்கள். அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழ் 2013இல் அதைத் திரும்பப் பெற்றது. பின்னர் வேறோர் இதழில் அது மறுபடி வெளியானாலும், எலிகளின் எண்ணிக்கையும் அவற்றின் இனமும் அந்த முடிவைத் தாங்கப் போதுமானவை அல்ல என்ற விமர்சனம் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: சோதனைகளை விண்ணப்பிக்கும் நிறுவனமே நடத்துகிறது என்கிறார்களே, உண்மையா? அந்தத் தரவுகளைச் சாதாரண மக்கள் பெற முடியுமா?

பெரும்பாலான நாடுகளில் அதுவே நடைமுறை. நிறுவனம் தன் செலவில் சோதனை செய்து கோப்பைக் கொடுக்கிறது. அரசுக் குழு அந்தக் கோப்பை வாசித்து முடிவெடுக்கிறது. செலவை நிறுவனம் ஏற்பதில் தவறில்லை. எந்த ஆய்வகம் சோதிக்க வேண்டும், எவ்வளவு காலம் சோதிக்க வேண்டும் என்பதையும் அந்த நிறுவனமே தீர்மானிப்பதுதான் குறை. பணம் ஒரு பொது நிதிக்குச் செல்லட்டும், ஆய்வகத்தை அரசு தேர்ந்தெடுக்கட்டும் என்பதே நாம் கேட்க வேண்டிய மாற்றம்.

தரவுகளைப் பெறும் போராட்டத்துக்கு இந்தியாவின் பி.டி. கத்தரி (புழுக்களைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும்படி பாக்டீரிய மரபணு சேர்க்கப்பட்ட கத்தரி) சிறந்த பாடம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகே நிறுவனத்தின் நச்சுத்தன்மை, ஒவ்வாமை ஆய்வுகள் 2008இல் பொதுப் பார்வைக்கு வந்தன. அவற்றை வெளிநாட்டு அறிவியலாளர்கள் உட்படப் பலர் வரிவரியாக வாசித்து விமர்சனம் எழுதினார்கள். 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. ஆனால் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, சார்பற்ற சோதனைகள் போதாமையைக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைத்தார். அதே ஆண்டில் அந்தக் குழுவின் பெயரிலிருந்த "ஒப்புதல்" என்ற சொல் "மதிப்பீடு" என்று மாறியது. தெருவில் எழுந்த முழக்கங்களின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அமைச்சரின் கையில் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் இருந்ததற்கு, முன்பே வெளிவந்திருந்த அந்தத் தரவுகள்தாம் அடிப்படை.

பருத்தி விவசாயி: விதிகள் ஏற்கனவே நிறைய இருக்கின்றன. யாரும் பின்பற்றுவதில்லை. புதிதாக எதற்கு?

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, ஐயா. பி.டி. பருத்தி வயலைச் சுற்றிப் பி.டி. அல்லாத பருத்தியும் விதைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை, புழுக்கள் நஞ்சைத் தாங்கும் திறனை விரைவில் பெற்றுவிடாமல் தடுப்பதற்காக விதிக்கப்பட்டது. அந்தச் செடிகளில் வளரும் எதிர்ப்பற்ற புழுக்கள் எதிர்ப்புத்திறன் பெற்ற புழுக்களுடன் இணைந்தால், அடுத்த தலைமுறையில் அத்திறன் நீர்த்துப்போகும். இந்தியாவில் அதற்கென ஒரு சிறு விதைப் பொட்டலம் தனியே கொடுக்கப்பட்டது. அது விதைக்கப்பட்டதா என்று பார்க்க ஆளில்லை. 2002இல் அனுமதிக்கப்பட்ட அந்தத் தொழில்நுட்பத்தை எதிர்க்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, பத்தாண்டு நிறைவதற்குள் குஜராத்தில் பதிவாகியது. இரண்டு மரபணுக்கள் கொண்ட அடுத்த வகையும் பின்னர் அதே நிலைக்கு வந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் அந்த நிபந்தனை உண்மையாகவே கடைப்பிடிக்கப்பட்டது. பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளை விடும் திட்டமும் சேர்ந்து, அதே புழு அமெரிக்கப் பருத்திப் பகுதிகளிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2018இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. ஒரே புழு, ஒரே தொழில்நுட்பம், கண்காணிப்பும் கூடுதல் முயற்சியும்தான் வேறு. ஆகவே புதிய விதி கேட்கும்போது, அதைக் கண்காணிக்கும் பணியாளர், நிதி, ஆண்டறிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மீறலின் சுமையை விவசாயியின் தலையில் மட்டும் வைக்கும் விதியை நான் ஆதரிக்க மாட்டேன். விதை விற்றவருக்கும் அதில் கடமை உண்டு.

இயற்கை வேளாண்மை செய்பவர்: பக்கத்து வயலிலிருந்து மகரந்தம் வந்து என் பயிர் கலந்துவிட்டால் நான் யாரைக் கேட்பது?

பல நாடுகளில் இதற்குத் தெளிவான விடை இல்லை. நம் இயக்கங்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைத்தான். ஜெர்மனியின் மரபணுத் தொழில்நுட்பச் சட்டம், கலப்பால் ஏற்படும் இழப்புக்கு மரபணு மாற்றப் பயிரை விளைவிப்பவர், தவறு செய்தாரா இல்லையா என்று பாராமல், பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2010இல் அதைச் செல்லும் என்று உறுதிசெய்தது. உலக அளவில், மரபணு மாற்ற உயிரிகளைப் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான கார்ட்டஹீனா உயிரியல் பாதுகாப்பு நெறிமுறையின் துணை ஒப்பந்தம் ஒன்று பொறுப்பையும் ஈடுசெய்தலையும் பற்றிப் பேசுகிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த அதை உங்கள் நாடு ஏற்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு, 2006இல் அமெரிக்க அரிசியில் அனுமதி பெறாத எல்.எல்.601 என்ற ரகத்தின் தடயம் கண்டுபிடிக்கப்பட்டது சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன் களப் பரிசோதனையோடு நின்றுபோன ரகம் அது. எந்த வழியாகக் கலந்தது என்பதை அரசு விசாரணையால்கூடத் தீர்மானிக்க முடியவில்லை. ஏற்றுமதிச் சந்தை சரிந்த விவசாயிகள் ஐந்தாண்டுகள் வழக்காடிய பிறகு, 2011இல் அந்த ரகத்தின் உரிமையாளரான பேயர் நிறுவனம் 75 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது.

கனடா விவசாயி பெர்சி ஷ்மைசரின் வழக்கைப் பலர் இங்கே மேற்கோள் காட்டுகிறார்கள். காற்றில் வந்து விழுந்த விதைக்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்று எழுதாதீர்கள். களைக்கொல்லியைத் தாங்கிய செடிகளின் விதையை அறிந்தே சேமித்து மறுபடி விதைத்தார் என்பதே நீதிமன்றத்தின் முடிவு. 2004இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் காப்புரிமை மீறல் என்று தீர்ப்பளித்தாலும், காப்புரிமை வைத்திருந்த மான்சாண்டோ நிறுவனத்துக்கு அவர் பணம் எதுவும் தர வேண்டியதில்லை என்றது. உண்மையான வழக்கே நமக்குப் போதுமான வலு தருகிறது: தன் வயலுக்குள் தானாக நுழைந்த ஒன்றால் விதை சேமிக்கும் உரிமை ஐயத்துக்குள்ளாகும் நிலை எந்த விவசாயிக்கும் வரக்கூடாது.

நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர்: லேபிள் கோரிக்கை எளிதாக வெல்லக்கூடியது அல்லவா?

எளிதாகத் தெரியும், ஆனால் உள்ளடக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மூலப்பொருளில் மரபணு மாற்றப் பொருள் 0.9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லேபிளில் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் தற்செயலான கலப்புக்கு 5 சதவீதம் வரை விலக்கு உண்டு. வெர்மான்ட் மாநில மக்கள் போராடிப் பெற்ற லேபிள் சட்டம் 2016 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்திலேயே, பொட்டலத்தின் மீது எழுத்துக்குப் பதிலாக க்யூஆர் குறியீட்டையும் அனுமதிக்கும் தேசியச் சட்டம் கையெழுத்தாகி, அதைச் செல்லாததாக்கியது. எனவே அளவு வரம்பு எவ்வளவு, எழுத்து எங்கே, விலக்கு யாருக்கு என்ற மூன்றும் வரைவிலேயே இருக்க வேண்டும்.

விதை ஆராய்ச்சியாளர்: விதிகள் கடுமையானால் பெரிய நிறுவனங்கள் மட்டுமே தாக்குப்பிடிக்கும், பொதுத்துறை ஆய்வகங்கள் ஒதுங்கிவிடும். இதை யோசித்தீர்களா?

யோசித்தேன். உங்கள் கவலை நியாயமானது. இதற்கு என்னிடம் முழுமையான தீர்வும் இல்லை. சோதனைச் செலவைப் பொது நிதியிலிருந்து ஏற்பதும், இலாப நோக்கற்ற விண்ணப்பங்களுக்குக் கட்டணத்தைத் தளர்த்துவதும் ஓரளவு உதவும். சோதனையையே தளர்த்துவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

பட்டதாரி ஒருவர்: பயிரின் சொந்த மரபணுவையே குறிப்பிட்ட இடத்தில் மாற்றி உருவாக்கும் மரபணுத் திருத்தப் பயிர்களுக்கும் இதே விதிகள் பொருந்துமா?

நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜூலையில் பொருந்தும் என்றது. இந்தியா 2022இல் அயல் மரபணு சேராத சில வகைகளுக்கு விலக்களித்தது. இங்கிலாந்து 2023இல் தனிச் சட்டமே இயற்றியது. சிறு மாற்றத்துக்குச் சிறு சோதனை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் விலக்குப் பெற்ற விதையும் ஒரு பொதுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். எந்த ரகத்தில் என்ன மாற்றப்பட்டது என்பது தெரியாவிட்டால், பின்னால் ஒரு கோளாறு தோன்றும்போது அதன் மூலத்தைத் தேடிச் செல்ல வழியே இருக்காது.

முதலில் கேட்டவரே மீண்டும்: கருத்துக் கேட்புக்கு முப்பது நாள்தான் அவகாசம் தந்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

முதல் நாளே அவகாச நீட்டிப்பைக் கேட்டு எழுதுங்கள். முழுக் கோப்பும் வெளியிடப்படவில்லை என்றால் அதையே காரணமாகக் காட்டுங்கள். பிறகு குழுவைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் மகரந்தப் பரவலை மட்டும் வாசிக்கட்டும், ஒருவர் உணவுச் சோதனையை மட்டும், சட்டம் தெரிந்தவர் பொறுப்பைப் பற்றிய பகுதியை மட்டும். ஆயிரம் பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் பல அலுவலகங்கள் அதை ஒரே கருத்தாகக் கணக்கிடும். பத்துப் பேர் பத்துக் குறைகளைப் பக்க எண்ணோடு சுட்டினால் பத்துக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு கோரிக்கையையும், அதிகாரி அப்படியே எடுத்து விதியில் சேர்க்கக்கூடிய ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். நாளை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், இந்தக் குறையை நாங்கள் உரிய காலத்தில் சொன்னோம் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.