கொள்ளுப்பாட்டி பெயர் அஞ்சுகம்: மகளுக்கு வைக்கலாமா?

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீடு. என் மாமியார், அவருடைய அம்மாவின் பெயரான ‘அஞ்சுகம்’ என்பதைத்தான் குழந்தைக்கு வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தனித்தமிழ்ப் பெயர் என்று என் கணவரும் சரி சொல்லிவிட்டார். என் அம்மாவோ, “அஞ்சுன்னாலே பயம்தானே, பிள்ளை தொட்டதுக்கெல்லாம் பயப்படும், வேண்டாம்” என்கிறார். “கட்சிக்காரங்க வீட்டுப் பேர் மாதிரி இருக்கு” என்பது என் தம்பியின் கருத்து. எனக்கு ‘ஹம்சினி’ என்று வைக்க ஆசை. அஞ்சுகம் என்றால் உண்மையில் என்ன பொருள்? இந்தக் காலத்தில் யாராவது இந்தப் பெயரை வைக்கிறார்களா? பள்ளிக்கூடத்தில் கேலி செய்ய மாட்டார்களா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் உங்கள் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். அஞ்சுகம் என்றால் கிளி. ‘அம்’ என்பது அழகு, ‘சுகம்’ என்பது கிளி. அம் + சொல் சேர்ந்து அஞ்சொல் ஆகிறதல்லவா, அதே கணக்கில் அம் + சுகம் அஞ்சுகம் ஆகிவிட்டது. அழகிய கிளி. அஞ்சுவதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘அஞ்சு அகம்’ என்று பிரித்து ஐந்து வீடு என்று பொருள் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுங்கள். அப்படியும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை என்றால் கடலூர் அஞ்சலையம்மாளைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் பெயரும் ‘அஞ்ச’ என்றுதான் தொடங்குகிறது. 1927இல் சென்னையில் நடந்த, ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனவர் அவர். பயந்த ஆளா அது?

உங்கள் கணவருக்குத்தான் கொஞ்சம் கசப்பான சேதி. அஞ்சுகத்தில் உள்ள ‘சுகம்’ வடமொழியின் ‘சுக’ என்ற சொல். பரீட்சித்து மன்னனுக்கு ஏழு நாள் பாகவதம் சொன்ன சுக முனிவருக்குக் கிளி முகம் என்பார்கள். அவர் பெயரில் இருப்பதும் இதே கிளிதான். நாம் “சுகமா?” என்று நலம் விசாரிக்கிறோமே, அந்தச் சுகம் வேறு. வடமொழியில் இரண்டுக்கும் எழுத்தே வேறு, தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிட்டன. ஆகவே அஞ்சுகம் பாதி தமிழ், பாதி வடமொழி. முழுத் தமிழ்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால் கிளி, கிள்ளை என்று தேட வேண்டியிருக்கும். தத்தையும் கிளிதான். ஆனால் சீவகன் கதையில் வரும் காந்தருவதத்தையைக் கிளி என்று நினைத்துவிட வேண்டாம், அந்தத் தத்தை கொடுக்கப்பட்டவள் என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்தது. என்னைக் கேட்டால், தமிழ் இலக்கணப்படி புணர்ந்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஒரு பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதிப்பது வீண் வேலை.

சரி, பெண் குழந்தைக்குக் கிளியின் பெயரை வைக்கும் வழக்கம் எப்படி வந்திருக்கும்? சங்கப் பாடல்களில் கிளி ஒரு திருடன். தினை முற்றும் நேரத்தில் கூட்டமாக வந்து கதிரைக் கொத்திக்கொண்டு போகும். அதை ஓட்டுவது பெண்பிள்ளைகளின் வேலை. பரண்மேல் ஏறி நின்று தட்டை, குளிர் என்ற கருவிகளைத் தட்டி ஒலியெழுப்பிக் கிளி ஓட்டுவார்கள். வள்ளி செய்ததும் அந்த வேலையைத்தான். அந்தத் திருட்டுக் கிளி பிற்பாடு பெண்ணின் தோழியாகி, தூது போகும் பறவையாகி, கடைசியில் அம்மன் கையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. மதுரையில் மீனாட்சி கையில் கிளி. அந்தக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது. கிளிகளைக் கூண்டில் வளர்த்து மீனாட்சி பெயரைச் சொல்லப் பழக்கிய இடம் அது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் ஆண்டாளின் இடக்கையைக் கவனித்துப் பாருங்கள். அங்கே இருப்பது பொன்னாலோ கல்லாலோ ஆன கிளி கிடையாது, இலைக்கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, காக்காப்பொன்னில் கண் என்று தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். உட்கார்ந்து கட்டி முடிக்கச் சில மணி நேரம் ஆகும். ஆண்டாளே தன் பாசுரத்தில் கிளியைப் பற்றிப் புலம்பியிருக்கிறாள். கூட்டுக்குள் இருந்துகொண்டு ‘கோவிந்தா கோவிந்தா’ என்று அது கூப்பிடுகிறது. சோறு போடாமல் தண்டித்தால் ‘உலகளந்தான்’ என்று இன்னும் உரக்கக் கத்துகிறது என்கிறாள். வாயாடிப் பிள்ளையை வளர்த்தவர்களுக்கு அவள் கஷ்டம் புரியும்.

கோயிலில் இப்படி என்றால், வீட்டில் மகள்தான் கிளி. கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த மாதிரி என்று சொல்வது பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாதபோதுதான். அதனால் கிளியம்மாள், பைங்கிளி, பச்சைக்கிளி, முத்துக்கிளி, செல்லக்கிளி என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த வரிசையில் கொஞ்சம் படித்தவர்கள் வாயில் வரும் பெயர் அஞ்சுகம். (கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெயர் வைக்க மட்டும் இன்னும் தடை வரவில்லை.)

பறவை போலத் தோன்றும் எல்லாப் பெயரும் பறவை அல்ல என்பதையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன். அன்னம்மாள் என்று ஒரு பாட்டி இருந்தால், அது அன்னப்பறவையாக இருக்கலாம், அன்னபூரணியின் சோறாக இருக்கலாம், கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் மரியாளின் தாயான புனித அன்னம்மாளாகவும் இருக்கலாம். சுந்தரரின் மனைவி பரவையாரைப் ‘பறவை’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. இடையின ரகரம் போட்ட பரவை என்றால் கடல். கோப்பெருஞ்சோழனுக்காக உயிர்விட்ட பிசிராந்தையார் பெயரில் ஆந்தை உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆதன் தந்தை என்பது ஆந்தை என்று சுருங்கும் எனத் தொல்காப்பியம் விதியே சொல்லியிருக்கிறது. நிஜமாகவே பறவையால் பெயர் பெற்றவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதற்காகக் கிடைத்த பெயர் அது. ஆண்களுக்கு மட்டும் பறவை தனியாக வருவது அபூர்வம். பெரும்பாலும் முருகனைச் சுமந்துகொண்டுதான் வரும். கொங்குப் பக்கம் மயில்சாமி, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மயில்வாகனம். சுவாமி விபுலானந்தருக்கு வீட்டில் வைத்த பெயர் மயில்வாகனன். சந்திரயான் திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரையின் பெயரில் முன்னால் நிற்கும் மயில்சாமி அவருடைய அப்பா.

இனி உங்கள் தம்பியின் கருத்துக்கு வருவோம். அதில் காரணம் இல்லாமல் இல்லை. முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதியின் தாயார் பெயர் அஞ்சுகம். 1924இல் திருக்குவளையில் மகன் பிறந்தபோது உங்கள் வட்டாரத்தில் அது சாதாரணப் பெயர். பிற்பாடு அவர் பெயரில் அறக்கட்டளை வந்தது. கலப்புத் திருமணம் செய்துகொள்கிறவர்களுக்கு அரசு தரும் நிதியுதவித் திட்டமும் ஒரு காலத்தில் அஞ்சுகம் அம்மையார் நினைவுத் திட்டம் என்றுதான் இருந்தது. இப்போது அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிறது. அரசாணையிலும் பெயர்ப்பலகையிலும் அடிக்கடி பார்த்ததால் தம்பியின் காதுக்கு அப்படிப் படுகிறது. ஆனால் உங்கள் மாமியாரின் அம்மாவுக்குப் பெயர் வைத்தவர்கள் எந்தக் கொடியையும் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்துக்குப் பட்டா போட்டுக் கொடுக்க முடியாத அளவுக்குப் பழைய பெயர் இது.

இப்போது யாராவது வைக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சில நாடுகளில் ஆண்டுதோறும் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று அரசே பட்டியல் போடும். நம் ஊரில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் ஒரு சுலபமான வழி இருக்கிறது: உங்கள் ஊர் வாக்காளர் பட்டியலை எடுத்து, பெயரையும் பக்கத்தில் உள்ள வயதையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். நான் எந்த ஊருக்குப் போனாலும் செய்கிற வேலை இது. டெல்டா பக்கத்துப் பட்டியல்களில் எழுபதைத் தாண்டிய பெண்களிடம் அஞ்சுகம், அஞ்சலை, அம்சவேணி, தையல்நாயகி, பாப்பாத்தி எல்லாம் கிடைக்கும். ஐம்பதுக்குக் கீழே வந்தால் அஞ்சுகம் அநேகமாகக் காணாமல் போய்விடும். முப்பதுக்குக் கீழே எல்லாம் ஷாவும் ஸ்ரீயும்தான்.

பறவைப் பெயர் பிடிக்காமல் போய் இது நடக்கவில்லை. நீங்கள் ஆசைப்படும் ஹம்சினியைப் பாருங்கள். ஹம்சம் என்றால் அன்னம். அதே வாக்காளர் பட்டியலில் இருக்கும் அம்சவேணிப் பாட்டியின் பெயரை எழுத்து மாற்றாமல் எழுதினால் ஹம்சவேணி. ஹம்சினி அந்தப் பாட்டிக்குப் பேத்தி முறை! மயிலம்மாள் பழைய பெயர், மயூரி புதுப் பெயர்; இரண்டும் ஒரே மயில். சாரிகா என்று கேட்டால் நாகரிகமாக இருக்கிறது, அது மைனா. பறவைகள் அப்படியே இருக்கின்றன, நாம்தான் கிரந்த எழுத்தில் சட்டை தைத்துப் போட்டுவிட்டோம். தனித்தமிழ் இயக்கம் பரவியபோது பெயர் மாற்றியவர்கள்கூட மயில், குயில் பக்கம்தான் போனார்கள். குயில்மொழியும் குயிலியும் இன்றும் வைக்கப்படுகின்றன. அஞ்சுகத்தைப் புதுப்பிக்க யாரும் வரவில்லை. வடமொழிப் பிரியர்களுக்கு அது பட்டிக்காட்டுப் பெயர், தமிழ்ப் பிரியர்களுக்கு அது கலப்படம். இரண்டு பக்கமும் இடிபட்ட பெயர் என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பரிவு உண்டு.

கேலியைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். எந்தப் பெயரை வைத்தாலும் பிள்ளைகள் கேலிக்கு வழி கண்டுபிடிப்பார்கள். கூப்பிடும்போது ‘அஞ்சு’ என்றுதான் வரப்போகிறது, அது இன்று எந்த வகுப்பறையிலும் உறுத்தாத பெயர். ஒரே வகுப்பில் நான்கு ‘இகா’க்கள் இருக்கும் காலத்தில், வருகைப் பதிவில் இவள் பெயருக்கு மட்டும் இனிஷியல் தேவைப்படாது. அர்த்தம் என்ன என்று யாராவது கேட்டால் ‘கிளி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். புதுப் பெயர்கள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் என் ஓட்டு அஞ்சுகத்துக்கு. ஆனால் ஓட்டுப் போடும் உரிமை எனக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கடிதத்தைத் திரும்பப் படித்தால், பெயரைவிட அது உத்தரவாக வந்த விதம்தான் உங்களைக் குத்தியிருக்கிறது என்று தோன்றுகிறது. ஹம்சினி என்ற ஆசையை வீட்டில் வாய்விட்டுச் சொன்னீர்களா, எனக்கு எழுதியதோடு சரியா? முதலில் கணவரிடம் சொல்லுங்கள். அப்புறம் அவரே தன் அம்மாவிடம் பேசட்டும். அது மருமகள் செய்ய வேண்டிய வேலை இல்லை. எல்லாம் பேசிய பிறகும் ஹம்சினிதான் என்று உங்கள் மனம் சொன்னால், அதையே வையுங்கள். அன்னமும் நல்ல பறவைதான்.

அவசரப்படவும் தேவையில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும், மருத்துவமனையில் பிறந்திருந்தால் அது நடந்திருக்கும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் சேர்க்கும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். நடுவில் ‘ஜே’ போடுவதா ‘சி ஹெச்’ போடுவதா, கடைசியில் ‘ஜி ஏ எம்’மா ‘கே ஏ எம்’மா என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஆதாருக்கும் அதையே கொடுங்கள். ‘ஜே’யும் ‘ஜி’யும் போட்டால் பிறர் வாயில் பெயர் சரியாக வரும். எண்கணிதக்காரர் யாராவது கடைசியில் இன்னொரு ‘எம்’ சேர்க்கச் சொன்னால், காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, எழுத்தை மட்டும் சேர்க்காதீர்கள்.