சொக்கட்டை மட்டும் மாற்றினால் சரிவராது

திருகோணமலை நிலாவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றும், பைபர் வள்ளம் ஏற்றி இழுக்கிற ட்ரெய்லர் ஒன்றும் வைத்திருக்கிறார். பிறேக்கை மிதித்தால் ட்ரெய்லரின் சிக்னல் லைற்றும் சேர்ந்து மங்கலாக எரிகிறதாம். பார்க் லைற்றைப் போட்டால் சிக்னல் ஒழுங்காகத் துடிக்கிறதில்லையாம். ட்ரெய்லர் பிளக்கைச் செருகுகிற, பிக்கப்பின் பின்பக்கச் சொக்கட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரே பச்சை, ஒரு ஊசி முறிந்தும் போயிருக்கிறது. இத்தனைக்கும் அது போன வருடம் போட்ட புதுச் சொக்கட். ஒரு கராஜில் முழு வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள், இன்னொருவர் சொக்கட்டை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

தம்பி, இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் சொல்கிற அறிகுறியைப் பார்த்தால் முதலில் பார்க்க வேண்டியது வெள்ளை வயர், அதாவது ஏர்த். பிறேக் லைற்றுக்குப் போன கரண்ட் பல்பைத் தாண்டி வெள்ளை வயர் வழியாகத் திரும்பி வரவேண்டும். அந்த வழி அடைபட்டுவிட்டால் கரண்ட் பக்கத்தில் இருக்கிற சிக்னல் பல்புக்குள் பின்பக்கமாகப் புகுந்து, சிக்னலுக்குரிய மஞ்சள் வயரிலோ பச்சை வயரிலோ பிக்கப்புக்கு ஏறி, அங்கே இருக்கிற பல்புகள் வழியாக ஏர்த்தைத் தேடிக்கொள்ளும். அதனால்தான் சம்பந்தமில்லாத லைற் மங்கலாக எரிகிறது. ஒரு லைற்றைப் போட்டால் இன்னொன்று பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது என்றால் பத்துக்கு ஒன்பது தடவை ஏர்த்தான் காரணம், இத்தனை வருட வேலையில் நான் கண்டது அதுதான்.

இதை உறுதிப்படுத்த மீற்றர்கூடத் தேவையில்லை. நீளமான வயர் ஒன்றை எடுத்து, ஒரு நுனியைப் பற்றரியின் மைனஸில் மாட்டுங்கள், மறு நுனியை ட்ரெய்லர் லைற் பெட்டிக்குள் வெள்ளை வயர் வந்து சேர்கிற இடத்தில் பிடியுங்கள். லைற் எல்லாம் உடனே ஒழுங்காக எரிந்தால் கள்வன் அகப்பட்டுவிட்டான். மீற்றர் இருந்தால் லைற்றை எரியவிட்டபடியே பற்றரி மைனஸுக்கும் அந்த வெள்ளை வயருக்கும் இடையில் வோல்ற் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. லைற்றை நிறுத்திவிட்டு அளந்து பிரயோசனமில்லை, ஒரேயொரு செப்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 0 வோல்ற்றைக் காட்டி, ஏர்த் நல்லது என்று உங்களை ஏமாற்றிவிடும். ஒரு பிறேக் பல்ப் 21 வாட், கிட்டத்தட்ட 1.75 அம்பியர் இழுக்கும். அந்தப் பாரத்தை ஏற்றினால்தான் அழுகின வயர் தன் குணத்தைக் காட்டும். ஆகவே ஊசிகளைச் சோதிக்கவும் 21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு வயரை ஒட்டி வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

சரி, புதுச் சொக்கட் ஏன் ஒரு வருடத்தில் பச்சையானது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இது விளங்காமல் எத்தனை சொக்கட் வாங்கினாலும் காசுதான் போகும். கடல் நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும், அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நிலாவெளி, உப்புவெளிக் கரையில் கேட்கவே வேண்டாம், அங்கே காற்றே உப்புக் காற்று. அந்த ஈரத்துக்குள் கரண்ட் ஓடுகிற பிளஸ் ஊசி ஒன்று இருந்தால், அந்த ஊசியின் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். முறிந்த ஊசி எதுவென்று பாருங்கள், பெரும்பாலும் பார்க் லைற் ஊசியாகவோ எந்நேரமும் கரண்ட் இருக்கிற ஊசியாகவோ இருக்கும். அதோடு நிற்பதில்லை. வயருக்குள் மெல்லிய செப்பு இழைகள் கட்டாக இருப்பதால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல உப்புத் தண்ணீரை உள்ளே இழுக்கும். வெளியே பிளாஸ்டிக் உறை பளபளவென்று இருக்க, உள்ளே செம்பு கறுத்துப்போய் இருக்கும்.

நானும் தொடக்க காலத்தில் இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். ஒருவருக்குப் புதுச் சொக்கட் பூட்டி, கறுத்த வயரையே சுரண்டிவிட்டு அதில் இறுக்கிக் கொடுத்தேன். வாடைக்காலம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார். கறுத்த செம்பைச் சுரண்டினால் மேல் இழைதான் மினுங்கும், உள் இழைகள் கறுப்பாகவே இருக்கும். உங்கள் புதுச் சொக்கட்டுக்கும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே வேலை இப்படி. முதலில் பற்றரி மைனஸைக் கழற்றுங்கள். சொக்கட்டுக்குப் பின்னால் வயரை வெட்டி உறையை உரித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் இன்னும் இரண்டு அங்குலம் வெட்டுங்கள், செம்பு புதுச் சல்லி மாதிரி மினுங்கும் வரைக்கும் வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு அடிக்கு மேல் வெட்டியும் கறுப்பே வந்தால் அந்த வயரை அடுத்த நல்ல இடம் வரைக்கும் முழுதாக மாற்றுவதுதான் புத்தி. முழு வாகனத்தையும் பிரிக்க வேண்டியதில்லை. பிக்கப்பின் பின் லைற் பக்கம் வயர் நன்றாக இருந்தால் அங்கிருந்து சொக்கட் வரை மட்டும் புதிதாக இழுங்கள். வெள்ளீயம் பூசின செப்பு வயர், வள்ளங்களுக்குப் போடுகிற வகை, கிடைத்தால் அதையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் உப்பைத் தாங்கும். லைற் வயர்கள் 1 சதுர மில்லிமீற்றர் போதும், வெள்ளை வயரை மட்டும் 2.5 போடுங்கள், எல்லா லைற்றின் கரண்ட்டும் அதற்குள்ளால்தான் திரும்பி வருகிறது.

மூட்டுப் போடுகிற இடத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். வயரை முறுக்கி ஒட்டுகிற ரேப் சுற்றினால், அது நம் ஊர் வெயிலில் பசை உருகி ஒரு சீசனுக்குள் கழன்றுவிடும். ஈயம் வைத்து ஒட்டினால் நல்லதுதானே என்று கேட்பீர்கள், ஆனால் ஈயம் ஊறின இடம் விறைத்துப்போய், கிறவல் ரோட்டில் குலுங்கும்போது அந்த விறைப்பு முடிகிற இடத்திலேயே முறியும். உள்ளே பசை வைத்த, சூடு காட்டினால் சுருங்குகிற குழாயோடு வருகிற அழுத்து மூட்டுகள் இருக்கின்றன, அவற்றை அதற்குரிய குறட்டால் அழுத்தி, சூடு காட்டி, இரண்டு நுனியிலும் பசை கசிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விடுங்கள். எல்லா மூட்டையும் ஒரே இடத்தில் போடாமல் ஒவ்வொன்றையும் ஒரு அங்குலம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கிற சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள் இருக்கின்றனவே, அவற்றைக் கரையோர வாகனத்தில் நான் தொடவே மாட்டேன், உறையைக் கீறி உப்புக்கு வாசல் திறந்துவிடுபவை அவை.

சொக்கட்டின் பின்பக்கம் இலக்கம் பொறித்திருக்கும். ஐரோப்பிய வகை ஏழு ஊசிச் சொக்கட் என்றால் 1 மஞ்சள் இடது சிக்னல், 2 நீலம் பின் ஃபொக் லைற், 3 வெள்ளை ஏர்த், 4 பச்சை வலது சிக்னல், 5 கபிலம் வலது பார்க் லைற், 6 சிவப்பு பிறேக், 7 கறுப்பு இடது பார்க் லைற். ஆனால் பழைய ஆள் என்ன நிறத்தை எங்கே பூட்டினார் என்று நம்ப முடியாது, ஒவ்வொன்றையும் பல்பால் பார்த்துவிட்டே பூட்டுங்கள். முன்பக்கத்தில் பார்க்கிற வரிசை பின்பக்கத்தில் கண்ணாடி மாதிரி மாறியிருக்கும், இடதும் வலதும் மாறிப்போவது அங்கேதான். நான்கு ஊசித் தட்டைப் பிளக் என்றால் அது அமெரிக்க வகை, அதில் பிறேக்கும் சிக்னலும் ஒரே வயரில் வரும், அதை நேரடியாக நம் பிக்கப்பில் ஒட்டக்கூடாது. புதுப் பிக்கப்புகளில் லைற்றைக் கம்பியூட்டர் கண்காணிக்கிறது, அவற்றுக்கு ட்ரெய்லருக்கென்றே வருகிற மொடியூல் தேவை. உங்கள் பழைய ஹைலக்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. பியூஸ் போனால் அதே அம்பியர் பியூஸையே போடுங்கள், பெரிதாகப் போட்டால் வயர்தான் எரியும்.

ஏர்த் வயரைச் சேசிஸில் பூட்டுகிற இடத்தில் பெயின்ரும் துருவும் போய் வெள்ளி இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷரோடு இறுக்கி, மேலே வாஸலீன் தாராளமாகப் பூசுங்கள். ட்ரெய்லர் பக்கமும் மறக்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு லைற்றுக்கும் தனி வெள்ளை வயர் இழுத்து பிளக்குக்கே கொண்டுவாருங்கள். பலர் ட்ரெய்லரைக் கொளுவுகிற இழுவைக் குண்டின் வழியாக ஏர்த் கிடைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள், கிறீஸ் பூசின குண்டில் அது குலுக்கத்துக்குக் குலுக்கம் மாறும். ஊசிகளிலும் சிலிக்கன் கிறீஸோ வாஸலீனோ மெல்லிதாகத் தடவுங்கள், ஈரம் உட்காராது.

லைற் மங்கினால் என்ன, விடியச் சாமம்தானே என்று சிலர் போகிறார்கள். நிலாவெளி வீதியில் இருட்டில் மாடு படுத்திருக்கும், திருகோணமலைக் கோட்டைப் பக்கம் மான் குறுக்கே பாயும், பின்னால் மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு உங்கள் பிறேக் லைற் ஒன்றுதான் எச்சரிக்கை. தயவுசெய்து அதைத் திருத்தாமல் வள்ளத்தை இழுக்காதீர்கள்.

வேலை முடிந்த பிறகு ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்க முன்னர் பிளக்கைக் கழற்றி மேலே கொளுவுங்கள். எரிந்து சூடான பல்ப் குளிர்ந்த கடல் தண்ணீரில் பட்டால் வெடிக்கும், கரண்ட் இருக்கிற ஊசி தண்ணீருக்குள் இன்னும் வேகமாகக் கரையும். வீட்டுக்கு வந்ததும் லைற்றையும் பிளக்கையும் நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்கைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், சொக்கட் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.