வாசகர் கேள்வி பதில்: கடன் சங்கத்துக்காக யாரிடம், எதைக் கேட்பது?

கேள்வி: நான் எங்கள் வட்டாரத்தில் இயங்கும் ஒரு சிறிய சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறேன். முன்பெல்லாம் தோட்ட நிர்வாகமே உறுப்பினர்களின் சம்பளத்திலிருந்து மாதச் சந்தாவைப் பிடித்து எங்களுக்கு அனுப்பிவிடும். இப்போது பலர் செம்பனைத் தோட்டங்களில் குத்தகையாளர்களின் கீழ் வேலை செய்கிறார்கள். குத்தகையாளர்களோ அந்தப் பொறுப்பை ஏற்க மறுக்கிறார்கள். அதனால் சம்பள நாள் மாலையில் எங்கள் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் தாமான் தாமானாக (குடியிருப்புக் குடியிருப்பாக) சென்று முப்பது வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று வசூலிக்கிறார். பல வீடுகளில் அவருக்கு முன்பே வட்டிக்காரரின் ஆள் வந்து போயிருக்கிறார். அமெரிக்காவில் கடன் சங்கங்கள் மாநில, மத்திய மக்கள் பிரதிநிதிகளை நேரில் சந்தித்துத் தங்களுக்காக வாதாடுகின்றன என்று கேள்விப்பட்டேன். நாமும் அப்படிச் செய்யலாமா? சட்டமன்ற உறுப்பினரிடம் போவதா, நாடாளுமன்ற உறுப்பினரிடம் போவதா?

– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. இத்தனை நாள் செய்யாமல் இருந்ததுதான் நம் சங்கங்களின் பெருங்குறை என்பது என் கருத்து.

அமெரிக்காவில் கடன் சங்கங்களுக்கான மத்தியச் சட்டம் 1934-ஆம் ஆண்டில், அதிபர் ரூஸ்வெல்ட்டின் காலத்தில் வந்தது. அதற்கு முன்பே பல மாநிலங்கள் தனித்தனியாகச் சட்டம் இயற்றியிருந்தன. ஆகவே அங்கே ஒரு சங்கம் மாநிலச் சட்டத்தின் கீழும் பதிவு பெறலாம், மத்தியச் சட்டத்தின் கீழும் பதிவு பெறலாம்; அவர்கள் இரண்டு மன்றங்களின் உறுப்பினர்களையும் தேடிப் போவதற்கு அதுவே காரணம். 1998 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நிறுவனங்களின் ஊழியர்களை ஒரே சங்கத்தில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தபோது, சங்க உறுப்பினர்கள் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதியும் நேரில் சென்றும் முறையிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே சட்டம் திருத்தப்பட்டு, அதிபர் கிளிண்டன் அதில் கையெழுத்திட்டார். கேட்கத் தெரிந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விடை கிடைத்தது.

நம் மலேசிய நாட்டு அமைப்பு வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் கூட்டுறவுச் சங்கங்கள் மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கின்றன. நிலம் மாநில அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கிறது. சங்கங்களை ஆளும் சட்டம் 1993-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். மேற்பார்வை செய்வது 2008 முதல் இயங்கும் மலேசியக் கூட்டுறவு ஆணையம். எனவே சங்கத்துக்குக் கட்டடம் வேண்டும், அலுவலகம் அமைக்க ஒரு துண்டு நிலம் வேண்டும் என்றால் சட்டமன்ற உறுப்பினரை நாடுங்கள். சட்டத்தைத் திருத்தவோ அதைச் சரியாகச் செயல்படுத்தவோ கேட்பதென்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரிடம்தான் போக வேண்டும்.

உங்கள் சந்தாப் பிரச்சினை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், 24-ஆவது பிரிவில், தொழிலாளி எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் அவருடைய சம்பளத்திலிருந்து தொழிற்சங்கத்துக்கும் சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்துக்கும் சேர வேண்டிய நுழைவுக் கட்டணம், சந்தா, கடன் தவணை, வட்டி ஆகியவற்றைப் பிடிக்கலாம் என்று சொல்கிறது. உங்களைப் போன்ற சங்கங்களைச் சட்டம் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரு மாதத்தில் பிடிக்கும் மொத்தத் தொகை பொதுவாகச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற பாதுகாப்பும் அதே பிரிவில் உண்டு. ஆகவே, "இப்படிப் பிடித்தால் எனக்குச் சட்டச் சிக்கல் வரும்" என்று ஒரு குத்தகையாளர் சொன்னால், அது சரியான காரணமாகாது.

ஆனால் உங்கள் பக்கம் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. "எழுத்து மூலம்" என்ற நிபந்தனை நிறைவேறாமல் யாரும் ஒரு காசைக்கூடப் பிடிக்க முடியாது. ஒவ்வோர் உறுப்பினரிடமும் தொகை, தொடங்கும் மாதம், அடையாள அட்டை எண், கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு படிவம் வாங்கி, அதன் நகலைக் குத்தகையாளரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். அதன் பிறகும் மறுத்தால், அந்தப் படிவங்களோடு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குச் செல்லுங்கள். அவர் கேள்வி எழுப்ப வேண்டியது மனிதவள அமைச்சிடம். கூட்டுறவு அமைச்சிடம் கேட்டால் அது தங்கள் சட்டமல்ல என்று பதில் வரும். குத்தகையாளர்களின் கீழ் வேலை செய்யும் தோட்டத் தொழிலாளர்களுக்கு இந்தப் பிடித்தம் மறுக்கப்படுவதை அமைச்சு அறியுமா, தொழிலாளர் இலாகா என்ன வழிகாட்டுதல் வழங்கும் என்று அவர் கேட்கட்டும்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். அரசியல்வாதிகளின் வாசலுக்குப் போனால் சங்கமே அரசியலாகிவிடாதா? பழைய கூட்டுறவு முறைகேடுகளை மறக்க முடியவில்லை.

– ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஐயா. அதற்கு உங்கள் ஊரின் வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது. 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருசேர இழந்த பாட்டாளிகளுக்காக, சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அவருடைய பதவி சங்கத்துக்குக் கதவுகளைத் திறந்திருக்கலாம். ஆனால் தோட்டம் வாங்கிய பணம் பால்மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணம். மக்கள் பிரதிநிதி துணை நிற்கலாம், உரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பதை அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் மறக்க முடியாதது 1986 என்று நினைக்கிறேன். அந்த ஆண்டில் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் முடக்கப்பட்டன; இலட்சக்கணக்கான எளிய மக்களின் சேமிப்பு அதில் சிக்கிக்கொண்டது. அதை நினைவில் வைத்திருப்பவர்கள்தான் மக்கள் பிரதிநிதிகளிடம் பேசுவதற்கு மிகவும் தகுதியானவர்கள் என்பேன். ஏனென்றால் கேட்க வேண்டியது சலுகை மட்டுமில்லை. கண்டிப்பான தணிக்கையையும் பாதுகாப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும். வங்கியில் பணம் போட்டவருக்கு மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு தருகிறது. கூட்டுறவுச் சங்கங்கள் அந்தக் காப்புறுதிக்குள் இல்லை. அமெரிக்காவிலோ கடன் சங்க உறுப்பினர்களின் சேமிப்புக்கு 1970 முதல் தனிக் காப்புறுதி இருக்கிறது. இன்று அதன் வரம்பு 250,000 டாலர். தோட்டத்துப் பெண்மணியின் 3,000 வெள்ளி சேமிப்பு அவருக்கு முழுச் சொத்து. அதற்கும் அத்தகைய காப்பு வேண்டும் என்று கேட்பதில் எந்தக் கட்சிக்கும் மறுப்பு இருக்க முடியாது.

கட்சிச் சாயம் படியாமல் இருக்க, கோரிக்கையை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதால் அது தலைவரின் சொந்த ஆசையாகப் பார்க்கப்படாது. அதே கடிதத்தை ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் கொடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு யாரையும் சங்கக் கட்டடத்துக்கு அழைக்க வேண்டாம்.

கேள்வி: மக்கள் பிரதிநிதியிடம் கொடுக்கும் மகஜரில் (கோரிக்கை மனுவில்) என்ன எழுதுவது, எப்போது கொடுப்பது?

– வாசகர், கோலகங்சார்

பதில்: இரண்டு பக்கம் போதும், மலாய் மொழியில் இருக்கட்டும். எத்தனை உறுப்பினர்கள், எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் வெளியில் இருக்கிறது, நிலுவை எவ்வளவு என்பவற்றைத் தணிக்கை செய்த கணக்கிலிருந்து எடுத்து எழுதுங்கள். நிலுவையை மறைக்க வேண்டாம். உறுப்பினர் ஒருவர் பள்ளிச் செலவுக்கு வாங்கிய கடனுக்குச் சங்கத்தில் கட்டும் வட்டியையும், உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானமில்லாக் கடனுக்கு வாங்கக்கூடிய ஆண்டுக்கு 18 விழுக்காட்டு உச்ச வரம்பையும், உரிமமில்லாத வட்டி முதலை மாதக் கணக்கில் பிடுங்குவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

வரி பற்றிய கோரிக்கை இருந்தால் அதையும் சேருங்கள். பதிவு பெற்ற முதல் ஐந்து ஆண்டுகளுக்கும், அதன் பிறகு உறுப்பினர் நிதி 750,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருக்கும் வரையிலும் சங்கங்களுக்கு வருமான வரி விலக்கு உண்டு. இன்றைய விலைவாசிக்கு அந்த வரம்பு போதாது என்பது என் எண்ணம். அதைக் கடக்கப்போகும் சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்டால் வலுவாக இருக்கும். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கல் செய்யப்படுவதால், ஆண்டின் நடுப்பகுதிக்குள் மகஜர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நகல்களைக் கூட்டுறவு ஆணையத்துக்கும், கூட்டுறவுச் சங்கங்களின் தேசிய அமைப்பான அங்காசாவுக்கும் அனுப்புங்கள். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பப்பட்டால் அமைச்சரின் பதில், நாடாளுமன்ற விவாதங்களின் அதிகாரப்பூர்வப் பதிவான ஹன்சார்டு ஆவணத்தில் பதிவாகும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அடுத்த முறை குத்தகையாளரைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.